மனுதாரர்: ஓங்கில்

அன்னக்கொடி வக்கீல் ஆனதற்கு ஆட்டுக்கறிதான் காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

சமயநல்லூரைத் தாண்டி, நாலுவழிச் சாலையை விட்டு மேற்கே உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அவளுடையது. அங்கே அய்யனாருக்கு மாசிப் படையல் போட்டுக் கிடா வெட்டினால், தலைக்கட்டுக்கு ஒரு பங்கு கறி. தலைக்கட்டு என்றால் தலை உள்ள எல்லாரும் அல்ல; கலியாணம் ஆன ஆண்பிள்ளை. அவன் பேரில்தான் ஊர் வரி வாங்கும், பங்கு கொடுக்கும். அவன் செத்துப்போய், ஆண்வாரிசும் இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டிக்கு அரை வரி, அரைப் பங்கு. இது போக, அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட கோயில் காளைக்கு ஒரு முழு வரி உண்டு. அதை ஊரே சேர்ந்து கட்டும். காளை கறி தின்னாது என்பதால் அதன் பங்கு, அதற்குத் தீவனம் போடுகிறவன் வீட்டுக்குப் போகும்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் விபத்தில் செத்து ஒரு வருஷம்கூட ஆகாத மாசியில், அன்னக்கொடி கையில் இலையோடு வரிசையில் நின்றாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். பிள்ளை இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஊர்ப் பெரியதனம் மொக்கையன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு மாமா முறை. கோயில் காளைக்கு முழுப் பங்கு போனது. அடுத்து இவள் இலையில் பாதி விழுந்தது.

“மாமா, காளை முழு ஆளு. நான் அரை ஆளா?”

“அது சாமிக்கு நேந்ததுத்தா.”

“நான்?”

கூட்டத்தில் ஒருவன், “உன்னையும் நேந்து விட்டுருவமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள், அதுதான் அவளுக்குச் சுட்டது. இலையை மொக்கையன் காலடியில் வைத்தாள்.

“எண்ணுனா முழுசா எண்ணுங்க. இல்லாட்டி எண்ணாம விடுங்க. பாதியா எண்ற சோலி என்கிட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து அந்த ஊர்க் கோயில் வாசலை அவள் மிதிக்கவில்லை. கொஞ்ச நாளில் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. கோபத்தில் ஆரம்பித்த பழக்கம், படிக்கப் படிக்கக் கொள்கையாகிவிட்டது.

புருஷனின் விபத்து வழக்குக்காக மதுரைக் கோர்ட்டுக்கு அலைந்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “இந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசு, மறுமணம் செய்துகொள்ள வாய்ப்பு உண்டு, ஆகவே இழப்பைக் குறைத்துக் கணக்கிட வேண்டும்” என்று வாதாடியதைக் கேட்டாள். இங்கேயும் அதே தராசு என்று புரிந்தது. ஊரில் இருந்த தராசை மொக்கையன் பிடித்திருந்தார். இங்கே கறுப்புக் கோட்டுப் போட்டவன் பிடித்திருந்தான். அந்தக் கோட்டை நாமே மாட்டிக்கொண்டால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. அஞ்சல் வழியில் முடித்திருந்த பி.ஏ. கைகொடுத்தது. தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு சட்டக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். பீபிகுளத்தில் வாடகை வீடு. வீடு முழுக்கப் புத்தகம். விபத்து வழக்குகள், ஜீவனாம்ச வழக்குகள், கூலி கொடுக்காமல் ஏமாற்றியவர்கள் மேல் வழக்குகள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அவளோடு மோதிப் பார்த்த வக்கீல்கள், அவள் எழுந்தாலே, “இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு போச்சு” என்று சொல்லிக்கொள்வார்கள்.

இதெல்லாம் அவளைப் பற்றி ஓரளவு எல்லாரும் அறிந்தது. ஓங்கில் விவகாரத்தில்தான், “இந்தம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்று அவளிடம் வழக்கு ஒப்படைத்த கட்சிக்காரர்களே பேச ஆரம்பித்தார்கள்.

ஓங்கில் என்பது கடல்புறத்துக்காரர்களின் சொல். மதுரைக்காரர்களுக்கு அது டால்பின். கடலுக்கும் மதுரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் இரண்டு வருஷம் முன்புவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு கம்பெனி வந்து, அய்யனார் பேரில் இருந்த பொட்டல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டது. மொக்கையனும் கோயில் கமிட்டியும் சாமியிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளை வந்தது. வராமல் இருந்தால் வரும்வரை போட்டுப் பார்த்திருப்பார்கள். பொட்டலில் ‘நீலக்குமிழி’ என்று ஒரு தண்ணீர்ப் பூங்கா முளைத்தது. சறுக்கு, செயற்கை அலை, கூம்புத் தொப்பி போட்ட பிள்ளைகளின் பிறந்தநாள் விழா. ஊர்க்காரர்கள் பலருக்கு வேலை கிடைத்தது. அன்னக்கொடியின் தம்பி முத்திருளன் வாசலில் காவலாளி. அவன் மனைவி சோலை உள்ளே கூட்டித் துடைக்கிறவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோலை மட்டும் தனியாகப் பஸ் பிடித்துப் பீபிகுளம் வந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

“மதினி, ஒரு சேதி. ஒங்க தம்பிக்குத் தெரியாம வந்துருக்கேன்.”

“சொல்லு.”

“அங்க ஒரு டால்பினு கெடக்குல்ல, ராணி. அது வர்றப்ப குட்டியோடதான் வந்துச்சு. வலையில மாட்டுனத காப்பாத்தி வைத்தியம் பாக்குறோம்னு சொல்லித்தான் தார்ப்பாய்த் தொட்டியில கொண்டாந்தாய்ங்க. குட்டி செத்துப்போச்சு மதினி. செத்தத விடமாட்டேங்குது. மூக்கால தூக்கித் தூக்கி மேல கொண்டாருது. மூச்சு வாங்கட்டும்னு. அது நழுவிக் கீழ போகும். முங்கிப் போயி மறுபடி தூக்கும். நாத்தம் எடுக்குற வரைக்கும் வச்சுருந்துச்சு. பெறகு கொக்கியப் போட்டு இழுத்து எடுத்தாய்ங்க. அன்னையில இருந்து செவுத்த ஒட்டியே கெடக்கு. எனக்குச் சோறு எறங்கல.”

சோலையின் இரண்டாவது குழந்தை பிறந்து ஏழாம் மாதம் இறந்துபோனது. அதை அவள் சொல்லவில்லை, அன்னக்கொடியும் கேட்கவில்லை.

“அதுக்குப் பெறகும் ஆட்டம் காட்டுறாய்ங்களா?”

“ஆட்டம்னு சொல்ல மாட்டாய்ங்க. ‘சிகிச்சைப் பார்வை’ன்னு டிக்கெட்டு. மைக்குல ராணி வணக்கம் சொல்லுங்கம்பான். அது ஒரு தடவ தலையத் தூக்கும். மீனு போடுவான்.”

அன்னக்கொடி மறுநாளே போய்ப் பார்த்தாள். நீலச் சாயம் அடித்த ஒரு தொட்டி. நாலு பாய்ச்சலில் முடிந்துபோகும் அகலம். ஒருநாளில் ஊர் ஊராகத் தாண்டிப் போகிற உயிரை அதில் விட்டிருந்தார்கள். ஓங்கில் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்க்கும். சத்தம் எழுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதை வைத்து உலகத்தை அறியும். கான்கிரீட் தொட்டியில் அது எழுப்புகிற ஒவ்வொரு சத்தமும் சுவரில் மோதி அதன் தலைமேலேயே வந்து விழும். நம்மை நாலாபுறமும் கண்ணாடி வைத்த அறையில் அடைத்து, விளக்கை அணைக்காமலே விட்டால் எப்படியிருக்கும், அப்படி. இதையெல்லாம் அவள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டாள். அன்று பார்த்தது ஒன்றுதான்: வெயிலில் முதுகு வெடித்த ஒரு சாம்பல் நிற உடம்பு சுவர் ஓரமாக மிதந்துகொண்டிருந்தது. மேலே திறக்கும் அந்த ஒற்றை மூக்குத் துளை மெல்லத் திறந்து மூடியது. நம்மைப் போலத் தூக்கத்திலும் தானாக ஓடுகிற மூச்சு இல்லை அதற்கு. ஒவ்வொரு மூச்சையும் நினைத்து நினைத்து எடுக்க வேண்டும். வேண்டாம் என்று நினைத்துவிட்டால் எடுக்காமலே இருந்துவிடலாம்.

பக்கத்தில் ஒரு குழந்தை, “அது தூங்குதா டாடி?” என்று கேட்டது. “நடிக்குதும்மா” என்றார் அப்பா.

அந்த வாரமே மனு தயாரானது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்று, ஓங்கில்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று அறிவியலாளர்கள் சொல்வதை எடுத்துக்காட்டி, அவற்றைக் காட்சிக்கு அடைத்துவைப்பதை அனுமதிக்க முடியாது என்று சொல்லியிருந்தது. அதற்குத்தான் கம்பெனி ‘சிகிச்சை’ என்று பேர் மாற்றிக்கொண்டது. அன்னக்கொடி அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, தன் பேரிலேயே பொதுநல வழக்குப் போட்டிருக்கலாம். யாரும் அப்படித்தான் செய்வார்கள். அவள் மனுதாரர் என்ற இடத்தில் ‘ஓங்கில்’ என்று எழுதினாள். மைனர் பிள்ளைக்குக் கார்டியன் நிற்பதுபோல, சோலையை அதன் கார்டியனாகப் போட்டாள். வக்கீல், அன்னக்கொடி.

மனு போன வேகத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. மனுதாரர் சட்டப்படி நபர் அல்ல. வழக்கு எப்படி நிலைக்கும்? தகப்பன் பெயர், வயது, முகவரி இல்லை. அன்னக்கொடி பதில் எழுதினாள்: தகப்பன் பெயர் தெரியாது, தாயோடு வாழும் இனம். முகவரி, மன்னார் வளைகுடா. தற்போது சமயநல்லூர் அருகே சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டுள்ளார். திரும்பவும் திருப்பினார்கள். திரும்பவும் போட்டாள். கடைசியில், எண் கொடுக்காமலே நீதிபதி முன்னால் வைத்து, இது நிலைக்குமா நிலைக்காதா என்று கேட்டுவிடலாம் என்று முடிவானது.

ஆனைமலை தெரிகிற அந்தக் கோர்ட் கேன்டீனில் ஹாலாஸ்யம் அவளைப் பிடித்தார். கோயில் வழக்குகளில் ஊறிய மூத்த வக்கீல். நெற்றியில் பட்டை விபூதி. இருபது வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே நட்பாக இருப்பவர்.

“ஏம்மா, கண்ணெதிரே ராஜபாட்டை இருக்கறச்சே நீ ஏன் முள்ளுக்குள்ள பூந்து போறே?”

“எது ராஜபாட்டை சார்?”

“அந்த நிலம் உங்க ஊர் அய்யனார் பேர்ல இருக்கோன்னோ? சட்டத்துல ஸ்வாமி ஒரு நபர். நிலம் வெச்சுக்கலாம், வழக்குப் போடலாம். ஆனா என்னிக்கும் மைனர். அவருக்காக யாராவது நிக்கணும். குத்தகைக்கு முறையான அனுமதி வாங்கலைன்னு நீயே சொன்னே. அய்யனார் சார்பா ஒரு மனு போடு. அன்னிக்கே பூங்காவை இழுத்து மூட வெக்கறேன்.”

“அய்யனாருக்கு மூச்சு உண்டா சார்?”

“ஆரம்பிச்சுட்டியா.”

“இல்ல, கேக்குறேன். கல்லு ஆளு. எதிர்ல நிக்கிற கம்பெனியும் ஆளு. அதுக்கு அம்மாவும் கெடையாது, செத்தா அழவும் ஆள் கெடையாது. செத்த பிள்ளைய மூச்சு விடு மூச்சு விடுன்னு தூக்கிக்கிட்டு அலையுது பாருங்க, அது மட்டும் சாமான்.”

ஹாலாஸ்யம் காப்பியை ஆற்றினார். “உன் கொள்கைக்காக ஜெயிக்கற கேஸை விட்டுடாதேம்மா. அந்த ஜீவனுக்கு உன் பகுத்தறிவால என்ன லாபம்?”

சுருக்கென்று பட்டது. பிடிவாதத்துக்கு ஓர் உயிரைப் பணயம் வைக்கிறோமோ என்று அன்னக்கொடி அந்த வாரம் முழுக்கக் குமைந்தாள். அய்யனார் பேரில் வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தாள். பூங்கா மூடும். நிலம் சாமிக்குத் திரும்பும். ராணி? பூங்காவின் நாற்காலிகளும் சறுக்குகளும் எந்த லாரியில் ஏறுமோ அதே லாரியில் ஏறும். கம்பெனிக்கு வேறு ஊரில் வேறு தொட்டி இருக்கிறது என்று முத்திருளனே ஒருமுறை சொல்லியிருந்தான். சாமானை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். சாமானிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆள் என்றால்தான் அடுத்த கேள்வி வரும்: இவர் எங்கே போக வேண்டும்? அதற்குப் பதில் கடல் ஒன்றுதான். ஆக, பேரை விட்டுக்கொடுத்தால் உயிரையும் விட்டுக்கொடுத்த மாதிரிதான். அதற்குப் பிறகு அவள் குழம்பவில்லை.

அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. முத்திருளன் ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நின்றான்.

“அக்கா, ஊர்க் கூட்டம் போட்டுருக்காய்ங்க. கேச வாபஸ் வாங்கலேன்னா என்கிட்ட வரி வாங்க மாட்டாங்களாம்.”

வரி வாங்கவில்லை என்றால் அந்த ஊரில் ஒருவன் இல்லை என்று அர்த்தம். சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். எதிரே வருகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

“ஒனக்கு வேலை போகுமேன்னு நெனச்சேன். இது நான் நெனைக்கல” என்றாள் அன்னக்கொடி.

“ஒனக்கு ஊரு வேணாம். நீ அன்னைக்கே எலையத் தூக்கி வச்சுட்டு வந்துட்ட. எனக்கு வேணும்க்கா. நான் அங்க செத்தா தூக்க நாலு பேரு வேணும்.”

“ஒரு தப்பும் செய்யாத ஒன்ன ஊரு தள்ளுதுன்னா, அந்த ஊரு மேல ஒனக்குக் கோவம் வரல. என் மேல வருது.”

“ஊரு மேல கோவப்பட்டு நான் எங்க போயிப் படுப்பேன்?”

“கூட்டத்துக்கு நான் வாரேன்” என்றாள்.

“பொம்பளைங்க மந்தையில பேசக்கூடாதுக்கா.”

“நான் பேச வரல. கேள்வி கேக்க வாரேன்.”

ஊர் கூடும் மந்தைத் திடலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். மொக்கையனுக்கு எண்பதை நெருங்கும் வயது. குரல் மட்டும் இளைக்கவில்லை. அன்னக்கொடி நேராக நடுவில் போய் நின்றாள்.

“ஊருக்கு நாலு காசு வருது, ஒனக்குப் பொறுக்கலயா?” என்றார் அவர்.

“வரட்டும் மாமா. சறுக்கு இருக்கட்டும், அலை இருக்கட்டும். அந்த ஒத்த உசுர மட்டும் கடல்ல விடச் சொல்றேன்.”

“சாமி உத்தரவு குடுத்துத்தான் எல்லாம் நடக்குது.”

“சாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டீங்க. சரி. அந்த ஓங்கிலுகிட்ட யாரு கேட்டா? அதுக்கு வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா?”

“மீனுகிட்டப் போயிக் கேப்பாகளா?”

“அது மீனு இல்ல மாமா. பால் குடுக்குற சாதி. நம்ம மாதிரி பத்து மாசத்துக்கு மேல சொமந்து பெத்து, வருஷக்கணக்கா கூடவே வச்சுக்கிட்டுத் திரியும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சீட்டி உண்டு. அதுதான் அதுக்குப் பேரு. ஒண்ணு அடுத்தத அந்தச் சீட்டியடிச்சுத்தான் கூப்பிடும்.”

“அப்ப ரேசன் கார்டும் வாங்கிக் குடுத்துரு” என்றான் ஒருவன். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்னக்கொடியும் சிரித்தாள். “குடுத்தா வாங்கிப்பேன் மாப்ள. ஒன்ன மாதிரி அது அரிசிய வித்துக் குடிக்காது.”

சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. ஆனால் சிரிப்பு வேறு, தீர்ப்பு வேறு. வழக்கு நடக்கிற வரையில் முத்திருளன் வரி செல்லாது என்று மொக்கையன் சொன்னார். முத்திருளன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் சுவர் ஓரத்திலிருந்து சோலையின் குரல் வந்தது. சத்தமில்லாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி:

“கார்டியன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டுருக்கேன். என்னையத் தள்ளி வைங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

மொக்கையன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “புருஷன் வரிக்குள்ளதான நீ” என்றார். தள்ளி வைப்பதற்குக்கூட அவள் தனி ஆளாக இல்லை.

விசாரணை நாளன்று கம்பெனியின் வக்கீல் கிருஷ்ணபிரசாத், ஊரே பூங்காவின் பக்கம் என்று காட்ட மொக்கையனையும் நாலு பெரிய மனிதர்களையும் வெள்ளைச் சட்டையில் அழைத்துவந்து பின்வரிசையில் உட்காரவைத்திருந்தார். முத்திருளன் வரவில்லை. சோலை வந்திருந்தாள்; வேலையை விட்டு முந்தின வாரமே நிறுத்தியிருந்தார்கள்.

“இந்த மனுவை எண்ணிட்டால், நாளைக்கு ஆடு வந்து பிரியாணிக் கடை மேல வழக்குப் போடும்” என்று ஆரம்பித்தார் கிருஷ்ணபிரசாத். கோர்ட்டில் சிரிப்பு.

அன்னக்கொடி எழுந்தாள். “எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்றைக்கு யாருக்காக நிற்கிறார்? ஒரு கம்பெனிக்காக. அதுக்குப் பசி கெடையாது, வலி கெடையாது, பிள்ளை கெடையாது. அது வழக்காடலாம். கோயில் சிலை வழக்காடலாம். வேணும்னு நெனச்சப்பெல்லாம் சட்டம் ஆளை உண்டாக்கியிருக்கு. யாருக்கு வேணும்னு நெனச்சதுங்கிறதுதான் கேள்வி.”

நீதிபதி பேனாவைச் சுழற்றினார். பின்வரிசையைப் பார்த்து, “ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்களாமே. இந்தப் பூங்காவில் ஊருக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

மொக்கையன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோர்ட் அவரிடம் கேட்டதில் முகம் மலர்ந்திருந்தது.

“ஒரு ஆட்சேபணையும் இல்லங்கய்யா. நாங்க அதக் கொடுமைப்படுத்துறோம்னு இந்தப் பிள்ள சொல்றது பொய்யி. ராணிய நாங்க வேத்து ஆளா நெனைக்கல. போன மாசியில அவ பேருல முழு வரி வாங்கிருக்கோம். மைக்குல பேரு கூப்புட்டு முழுப் பங்கு குடுத்தோம். எங்க ஊருத் தலைக்கட்டுல அவளும் ஒண்ணுங்கய்யா.”

கிருஷ்ணபிரசாத் சட்டென்று திரும்பி அவரை உட்காரும்படி கையைக் காட்டினார். மொக்கையன், தான் நன்றாகச் சொன்னதற்குப் பாராட்டு என்று நினைத்து இன்னும் நிமிர்ந்தார். “கம்பெனிதான் வரியக் கட்டுச்சு. எங்களுக்கு அதுல பெருமதாங்கய்யா.”

நீதிபதி தலைக்கட்டு என்றால் என்ன என்று கேட்டார். அன்னக்கொடி சொன்னாள். எதையும் கூட்டாமல், தன் கதையைச் சேர்க்காமல், விதியை மட்டும் சொன்னாள்: யார் முழு, யார் அரை, யார் கணக்கிலேயே இல்லை.

“ஊர்க் கணக்கு இந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது” என்றார் நீதிபதி.

“கட்டுப்படுத்தாது ஐயா. நானும் அந்தக் கணக்கை ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்லை. ஆனா ஒண்ணு கவனிக்கணும். ஊருக்குப் பெருமை வேணும்னா அவ ஆளு. கம்பெனிக்கு ஊரோட ஆதரவு வேணும்னா அவ பேர்ல வரி கட்டலாம், அப்பவும் ஆளு. எனக்கு வலிக்குது, என்னை விடுங்கன்னு வந்து நின்னா மட்டும் சாமான். எதிர்மனுதாரரே முழு ஆளுன்னு வரி கட்டின ஒருத்தர, இங்க வந்து ஆளே இல்லைன்னு சொல்ல விடக்கூடாது.”

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அம்மா, ஒரு யோசனை. அந்த ஒரு பேரை மட்டும் நீக்கிவிடுங்கள். உங்கள் பேரில் பொதுநல வழக்காக எடுத்துக்கொள்கிறேன். காட்சியை நிறுத்தி இன்றே இடைக்கால உத்தரவு தருகிறேன்.”

“எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வேறு வசதியான இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் தயார்” என்று கிருஷ்ணபிரசாத் முந்திக்கொண்டு சொன்னார். அந்த அவசரத்திலேயே லாரியின் சத்தம் கேட்டது அன்னக்கொடிக்கு.

ஹாலாஸ்யம் பக்கத்து பெஞ்சிலிருந்து, “ஒத்துக்கோ” என்று உதட்டை அசைத்தார். சோலை முன்னால் இருந்த பெஞ்சை இறுக்கிப் பிடித்தாள். இல்லை என்று சொன்னால் இந்த நொடியே மனு தள்ளுபடி ஆகலாம். சாயங்காலக் காட்சிக்கு டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“முடியாது ஐயா.”

“காரணம்?”

“என் பேர்ல வழக்கு நடந்தா, என் மனசு புண்பட்டதுன்னுதான் அர்த்தம். புண்பட்டது நான் இல்ல. நான் திருப்தியானா வழக்கு முடிஞ்சுபோகும். அப்புறம் அவங்க எந்தத் தொட்டிக்கு வேணும்னாலும் கொண்டுபோகலாம். பேரை நீக்க மாட்டேன்.”

“தள்ளுபடி செய்தால்?”

“மேல்முறையீட்டுக்கும் அதே பேர்லதான் வருவேன்.”

நீதிபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா வியப்பா என்று தெரியவில்லை. பிறகு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். ஓங்கில் சட்டப்படி நபரா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்யவில்லை. ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி. மனுவுக்கு எண் கொடுக்கப்படட்டும். விசாரணை முடியும்வரை காட்சி கூடாது. நீதிமன்ற அனுமதியில்லாமல் மனுதாரரை இடம் மாற்றக் கூடாது. தனி மருத்துவர் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

‘மனுதாரரை’ என்று நீதிபதி தன் வாயால் சொன்னதைச் சோலை புரிந்துகொண்டாளோ என்னவோ, அன்னக்கொடி புரிந்துகொண்டாள்.

வராந்தாவில் மொக்கையன் வழிமறித்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று அதற்குள் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். “ஜெயிச்சுட்டதா நெனைக்காத. ஒந் தம்பி வரி செல்லாதது செல்லாததுதான்.”

“தெரியும் மாமா. அதுக்கும் ஒரு கேசு போடுவேன். ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறது சட்டப்படி குத்தம். பேரு போட்டு நோட்டீசு வரும், வாங்கிக்கங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சோலை அவர் போன திசையையே பார்த்தாள். “வீட்டுல அவரு பேச மாட்டாரு மதினி.”

“எம்புட்டு நாளைக்கு?”

“பசிக்கிற வரைக்கும்” என்றாள் சோலை. ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீராது என்று இருவருக்கும் தெரியும்.

கிருஷ்ணபிரசாத் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி வந்தார். தோற்ற முகம் இல்லை. அடுத்த வாய்தாவுக்கு இன்னும் பெரிய வக்கீலைக் கொண்டுவருவார்கள் என்று அந்த நடையே சொன்னது. “மேடம், அடுத்த தடவை மனுதாரரை நேரில் ஆஜர்படுத்துவீங்களா? தண்ணித் தொட்டிக்கு நாங்க ஏற்பாடு பண்ணிடறோம்.”

அவர் ஜூனியர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு வழி இருப்பது அன்னக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. தகராறு வந்தால் நீதிபதிகள் வயலுக்குப் போய் வரப்பைப் பார்க்கிறார்கள். நேரில் வர முடியாத நோயாளியின் கட்டிலுக்கே போய் வாக்குமூலம் வாங்குகிறார்கள். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், சோலையையும் இழுத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடைக்குப் போனாள். டைப் அடிக்கிறவர், “இன்னைக்கே அவசரமாம்மா?” என்றார்.

“இப்பவே. எழுதுங்க. மனுதாரர் இந்த நீதிமன்றத்துக்கு வர முடியாதபடி எதிர்மனுதாரரால் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே நீதிமன்றம் மனுதாரர் இருக்கும் இடத்துக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும்.”

“மனுதாரர் பேரு?”

“ஓங்கில்” என்றாள். “ராணின்னு போட்டுராதீங்க. அது அவய்ங்க வச்சது.”